விற்காத சேலை யார் கணக்கில்?

காஞ்சிபுரத்துப் பட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி தறியைப் பற்றியதாகவே இருக்கிறது. கரையின் அழகும் ஜரிகையின் தரமும் முந்தியின் வேலைப்பாடும் விரிவாகப் பேசப்படும் அளவுக்கு, நெய்து முடித்த சேலை எந்த வழியாக, யாருடைய பொறுப்பில், எவ்வளவு காலம் அலமாரியில் காத்திருந்து, வாங்குபவரின் கையை அடைந்தது என்பது பேசப்படுவதில்லை. ஆனால் இந்நகரத்து நெசவாளரை வாழவைத்ததிலும் வீழ்த்தியதிலும் தறியைவிடச் சந்தைக்கே பங்கு அதிகம். ஆகவே, விற்பனை என்னும் ஒரே வேலைக்காகப் பலர் ஒன்றுகூடி அமைத்துக்கொண்ட அமைப்புகளின் வரலாறு தனியே கருதத்தக்கது. அவ்வமைப்புகளை மதிப்பிட ஓர் எளிய அளவுகோலும் உண்டு: விற்காமல் தங்கிப்போன சேலையின் இழப்பை யார் ஏற்றனர் என்பதே அது.

கூட்டு உழைப்பு என்பது இங்கே சந்தைக்கு வெகு முன்பே, தறியிலேயே தொடங்கிவிடுகிறது. காஞ்சிபுரச் சேலைக்குத் தனி அடையாளம் தரும் ‘கோர்வை’ என்பது, உடலின் நிறம் வேறாகவும் கரையின் நிறம் வேறாகவும் இருக்குமாறு, இரண்டையும் ஊடை இழைகளின் பின்னலால் ஒன்றோடொன்று பூட்டி நெய்யும் முறை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. தறிக்குழியில் கால்மிதியை இயக்கி அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரே மூன்றையும் வீச இயலாது. எனவே ஒரு பக்கத்துக் கரையின் நாடாவை வாங்கித் திருப்பி வீச இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இருவரின் கைக்கணக்கும் ஒரு கணம் பிசகினால், உடலும் கரையும் சேருமிடத்தில் பல்வரிசைபோல் அமைய வேண்டிய பூட்டு கலைந்துவிடும். முந்தியின் நிறம் மாறும்போது, உடலின் பாவு இழை ஒவ்வொன்றையும் முந்தியின் பாவு இழையோடு பிணைக்கும் ‘பெட்னி’ வேலை நடைபெறுகிறது. அதற்கும் ஒருவரின் இரு கைகள் போதா. தறிக்கு வெளியே பாவு ஓட்டுபவர், சாயம் தோய்ப்பவர், தார் சுற்றும் வீட்டுப் பெண்கள், அச்சுப் பிணைப்பவர், கரைக்குரிய ‘அடை’ கட்டுபவர் எனப் பலர் உள்ளனர். நெய்தவர் என்று ஒருவரைச் சுட்டுவது, கணக்குக்கு வசதியான ஒரு சுருக்கமே.

இக்குழு தன்னளவில் ஆதரவானதாகவே எப்போதும் இருந்தது என்று எண்ணுவதற்கில்லை. கரை நாடாவை வீசும் இடத்தில் நெடுங்காலம் அமர்த்தப்பட்டவர்கள் பெரும்பாலும் சிறுவர் சிறுமியர். பெற்றோர் பெற்ற முன்பணத்துக்கு ஈடாக அவர்கள் தறியோடு கட்டுண்டிருந்த நிலை, 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நிலவியது. அரசின் தலையீட்டாலும் பள்ளிச் சேர்க்கை இயக்கங்களாலும் அது பெரிதும் ஒடுங்கிய பிறகு, அந்த இடத்துக்கு நெசவாளரின் மனைவியோ வயதுவந்த உறவினரோ வந்தனர். கூட்டு உழைப்பைப் புகழும்போது, அக்கூட்டில் வாய் திறக்க முடியாதவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுவதே முறை.

நெசவாளர் கூட்டாக நின்று பொறுப்பேற்றதற்கான பழைய சான்று கோயிற் பணத்தோடு தொடர்புடையது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழரின் செப்பேடுகள், 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கச்சிப்பேடு என வழங்கிய காஞ்சிபுரத்தின் ஊரகம் திருக்கோயிலுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலுக்கு, செய்யப்பட்ட ஏற்பாடுகளைக் கூறுகின்றன. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி உள்ளிட்ட நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர்களிடம் அக்கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இங்குச் சேரி என்பது தொழில்வழி அமைந்த குடியிருப்பைக் குறிக்கும் சொல். கோயிலின் பொன்னை முதலாகப் பெற்று வட்டி செலுத்தியவர்களிலும் அச்சேரியார் இருந்தனர். கணக்கைச் சரிபார்க்கும் உரிமை மாநகரத்தாருக்கு, அதாவது நகரின் வணிகர் அவைக்கு, இருந்தது. ஒரு சேரி முழுவதும் ஒரு கடனாளியாக நிற்கக்கூடியதாக இருந்தது என்பதும், அதன் கணக்கை இன்னோர் அவை கேட்டது என்பதும், பிற்காலத்துக் கூட்டுறவுச் சட்டங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணிய சில கருத்துகள் இம்மண்ணில் முன்பே புழங்கியதைக் காட்டுகின்றன. அவ்வொற்றுமையை மிகைப்படுத்தவும் கூடாது. சேரியின் உறுப்பினராக ஒருவரை ஆக்கியது பிறப்பே. அவர் வாங்கிய பங்கு அன்று.

கைக்கோளர் என்றும் பின்னர்ச் செங்குந்தர் என்றும் அறியப்பட்ட நெசவுச் சமூகத்தார், ஊர்களைக் கடந்த பரந்த அமைப்பு ஒன்றையும் வைத்திருந்தனர். மானிடவியலாளர் மேட்டிசன் மைன்ஸ், 1984இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில், இவர்களின் குடியிருப்புகள் 72 நாடுகளாகப் பகுக்கப்பட்டு, அவற்றின் மேலே காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாநாடு விளங்கியதை விரித்துரைக்கிறார். இங்கு நாடு என்பது அரசியல் எல்லையைக் குறிப்பதன்று. நெசவாளர் ஊர்கள் பலவற்றின் தொகுப்பையே குறிக்கும். குலவழக்கும் கோயில் மரியாதையும் மட்டுமன்றி, துணி வாணிகத்தின் வழித்தடங்களும் இத்தொகுப்புகளோடு இணைந்திருந்தன. விசயநகர ஆட்சிக்காலத்தில், பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் காஞ்சிபுரத்துக் கைக்கோளர் பெற்றிருந்த உரிமைகளை முன்மாதிரியாகச் சுட்டி, பிற ஊர்க் கைக்கோளருக்கும் அவற்றை வழங்கும் கல்வெட்டுகள் உள்ளன. துணிக்குக் கிராக்கி உயர்ந்த ஒரு காலத்தில், நெய்பவரின் பேச்சுக்கும் விலை உயர்ந்திருந்ததை அவை உணர்த்துகின்றன.

அந்த விலை எங்கே சரிந்தது என்பதை 18ஆம் நூற்றாண்டு காட்டுகிறது. தென்னிந்திய நெசவாளரைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி, அந்நூற்றாண்டின் முற்பகுதியில் வணிகரிடம் முன்பணம் பெற்ற நெசவாளர், அப்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எந்த நேரத்திலும் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்ற வழக்கம் இருந்ததையும், விலை வீழ்ந்தால் ஏற்படும் இழப்பைப் பெரிதும் வணிகரே சுமந்ததையும் எடுத்துக்காட்டுகிறார். பிடிக்காத ஊரை விட்டுக் கூட்டமாக வெளியேறும் வழியும் நெசவாளருக்குத் திறந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி நிலத்தின் ஆட்சியையும் பெற்ற பிறகு நிலைமை தலைகீழாயிற்று. காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டுப் பகுதியை 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி ஜாகீராகப் பெற்றது. துணி வாங்கும் வணிகரும் வரி வாங்கும் ஆட்சியாளரும் ஒருவரே ஆனபோது, இடையிலிருந்த வணிகரைக் குறைத்து, தலைமை நெசவாளர்கள் வழியாகவும் தன் ஆட்கள் வழியாகவும் நெசவாளரை நேரடியாகப் பிணைப்பது கம்பெனிக்கு எளிதாயிற்று. அளவிலோ தரத்திலோ குறை என்று ஒதுக்கப்பட்ட துணியின் பாரம் இப்போது நெய்தவர் மீதே விழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி சாதாரணப் பருத்தித் துணியின் சந்தையைப் பறித்துக்கொள்ள, ஆலை எளிதில் எட்டமுடியாத பட்டும் ஜரிகையும் சேர்ந்த உயர்ரக நெசவு காஞ்சிபுரத்தில் மேலும் மேலும் இடம்பெற்றது. கச்சாப்பட்டு மைசூர்ப் பகுதியிலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்தன. இரண்டும் விலையுயர்ந்தவை; இரண்டையும் கடனுக்கு வாங்கித் தரக்கூடியவர் ‘முதலாளி’ என்று அழைக்கப்பட்ட பெருந்தறிக்காரரே. முதலாளி தரும் பட்டை நெய்து கூலி பெறுபவராகவே பெரும்பாலான நெசவாளர் மாறினர். பெயரளவில் முதலாளியே இழப்பை ஏற்பவர். ஆனால் சந்தை மந்தமானால் பாவு தருவதை அவர் நிறுத்திக்கொள்வார். முன்பணக் கடன் மட்டும் நெசவாளரின் தலையில் அப்படியே நிற்கும்.

கூட்டுறவு இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது என்று சொல்வது பாதி உண்மை. சென்னை மாகாண அரசின் பணிப்படி பிரெடரிக் நிக்கல்சன் 1890களில் அளித்த அறிக்கை, ஜெர்மனியில் ரைஃபைசன் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டது. அதன் கவலை உழவரின் கடன் பற்றியதே. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்படி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூரில் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வேளாண் சங்கம் பதிவு பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவான சங்கமே இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்ற இடத்தைப் பெற்றது. நெசவு நகரமாகவும் கோயில் நகரமாகவும் விளங்கிய ஓரூருக்கு இது பொருத்தமான முதன்மை. எனினும் அச்சட்டம் கடன் கொடுப்பதைப் பற்றியே பேசியது. விற்பதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. கடன் அல்லாத பணிகளுக்கான சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமே கதவைத் திறந்தது. கடனை மட்டும் பெற்ற நெசவாளர், நூலை வாங்கி நெய்தபின் அதே வணிகரின் கடைவாசலில்தான் நின்றார். ஆகவே, விற்பனை கைக்கு வராதவரை கடன் என்பது அடிமைத்தனத்தை இடம் மாற்றியதாகவே முடிந்தது.

விற்பனைக்கென்றே ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட 1930களின் பெருமந்தம் காரணமாயிற்று. ஜப்பானியத் துணியின் இறக்குமதியும் இந்திய ஆலைகளின் போட்டியும் கைத்தறியை நெருக்கியபோது, 1934 முதல் இந்திய அரசு கைத்தறிக்காக மாகாணங்களுக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1935இல் சென்னை மாகாணத்துக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. இன்று வண்ணத்துப்பூச்சிச் சின்னத்தோடு ‘கோ-ஆப்டெக்ஸ்’ என்று அறியப்படும் நிறுவனம் இதுவே. ஊர்தோறும் உள்ள தொடக்கச் சங்கங்கள் உறுப்பினர்களாகவும், அவற்றின் துணியை வாங்கி விற்பது தலைமைச் சங்கத்தின் கடமையாகவும் அமைந்த இரண்டடுக்கு ஏற்பாடு அது. இக்காலச் சொல்லால் கூறினால், ஒரு விற்பனை முகமை. ஆனால் அந்த முகமையின் உரிமையாளர்கள் அதனிடம் சரக்கு கொடுப்பவர்களே. பொருளியலறிஞர் பி. ஜே. தாமஸ் தலைமையில் அமைந்து 1942இல் அறிக்கை தந்த உண்மையறியும் குழு, கைத்தறிக்கும் ஆலைக்கும் இடையிலான போட்டியை நாடு முழுமைக்கும் ஆராய்ந்தது. தனித்து இயங்கும் நெசவாளரையும், முதலாளியைச் சார்ந்த நெசவாளரையும், பட்டறைகளில் கூலிக்கு நெய்பவரையும் அது வேறுபடுத்திக் காட்டியது.

காஞ்சிபுரத்தில் காலப்போக்கில் உருவான பட்டுச் சங்கங்களின் பெயர்களைக் கவனிப்பது பயனுள்ளது. காமாட்சியம்மன், முருகன், வரதராஜசுவாமி, திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என அவை கடவுளரின் பெயரையும் பெரியோரின் பெயரையும் தாங்கினாலும், பெயரின் பின்பகுதி பெரும்பாலும் ஒன்றுதான்: பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம். பேச்சுவழக்கில் ‘சொசைட்டி’ என்று சுருங்கிவிட்ட இந்நீண்ட பெயரில், உற்பத்தியோடு விற்பனையும் ஒட்டி நிற்பது தற்செயலன்று.

சங்கம் இயங்கும் முறை ஏறத்தாழ இவ்வாறு அமைகிறது. பங்குத்தொகை செலுத்தி உறுப்பினரான நெசவாளர், தம் வீட்டிலுள்ள தறிக்கு வேண்டிய பாவு, ஊடைப்பட்டு, ஜரிகை ஆகியவற்றைச் சங்கத்தில் எடைபோட்டுப் பெறுகிறார். ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை நெய்யலாம். எந்தக் கரை, எந்த நிறம், எத்தனை புட்டா என்பதைச் சங்கமே வகுத்துத் தருகிறது. நெய்த சேலை திரும்பி வரும்போது மீண்டும் எடை பார்க்கப்படுகிறது. அளவு, நெருக்கம், கோர்வையின் பூட்டு ஆகியவை பார்க்கப்படுகின்றன. வகைக்கு உரிய கூலி கணக்கில் எழுதப்படுகிறது. இதன்பின் அச்சேலை நெசவாளருடையதன்று, சங்கத்தினுடையது. அது அடுத்த வாரம் விற்றாலும் அடுத்த ஆண்டு வரை தங்கினாலும், நெய்தவரின் கூலி சேலை வந்துசேர்ந்த நாளின் கணக்கிலேயே நிற்கிறது. தனியாளிடம் குவிந்த இழப்பை நூற்றுக்கணக்கானோரின் பங்குத்தொகையிலும் ஆதாயத்திலும் பரப்பிவிடும் இந்த ஏற்பாடே கூட்டுறவின் உயிர்நாடி. ஆதாயம் கிடைத்த ஆண்டில் தீபாவளிக்கு முன் போனஸ் வழங்கப்படுகிறது, ஈவுத்தொகையும் உண்டு. 1975இல் தொடங்கிய நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தின்படி, கூலியில் ரூபாய்க்கு 8 காசு உறுப்பினரிடம் பிடிக்கப்பட, அரசு 4 காசு சேர்த்தது. மாதச் சம்பளமே இல்லாத தொழிலில், வருங்கால வைப்புநிதி போன்ற ஒன்றை அது முதன்முறையாக ஏற்படுத்திற்று.

இம்முறையின் பலவீனமும் அதே இடத்தில்தான் உள்ளது. சங்கம் பட்டும் ஜரிகையும் வாங்குவது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி தரும் காசுக்கடனைக் கொண்டு. அக்கடனுக்கு ஈடு, அலமாரியில் இருக்கும் சேலைகளே. சேலை விற்றால் கடன் குறையும், மீண்டும் பட்டு வாங்கலாம். விற்காமல் தேங்கினால் கடன் வரம்பு முட்டிக்கொள்ளும். புதிய பாவு கொடுக்க வழியிருக்காது. அப்போது சங்கமும் முதலாளியைப் போலவே தறியை நிறுத்த நேரும். தலைமைச் சங்கம் வாங்கிய துணிக்குப் பணம் தரத் தாமதித்தாலும், அரசு ஏற்றுக்கொண்ட தள்ளுபடித் தொகை கருவூலத்திலிருந்து வரத் தாமதித்தாலும் விளைவு ஒன்றே. ஆகவே, விற்பனைப் பிரிவில் துணியை விரித்துக் காட்டும் ஊழியரின் பேச்சுத்திறனும் நகரின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி ஓடுவதும், பார்வைக்குத் தெரியாத ஒரு கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தன. மாதிரி வகுப்பவர் வாங்குவோரின் விருப்பத்தை அறியாமல் ஒரு நிறத்தை நூறு தறிக்குக் கொடுத்துவிட்டால், அத்தவற்றின் விலையை நெய்தவர்களே வேலையின்மையாகச் செலுத்தினர். சங்கத்தின் நிருவாகக் குழுவில் நெசவாளரே அமர்வது இதனால் வெறும் சடங்காக இருக்கமுடியாது. எனினும் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் 1976இல் கலைக்கப்பட்டபின், நீண்ட காலம் தனி அலுவலர் எனப்பட்ட அரசு அதிகாரிகளே அவற்றை ஆண்டனர். கணக்கு ஒழுங்காக இருந்திருக்கலாம். ஆனால் தேக்கம் ஏன் வந்தது என்று கேட்கும் உரிமையுடைய குரல் அறைக்குள் இல்லை. இது இச்சங்கங்களுக்கு நேர்ந்த பெருங்குறை என்றே கொள்ளவேண்டும்.

தேக்கம் என்னும் சொல் அரசியலின் மையத்துக்கே வந்த காலம் ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தின் நூல் தட்டுப்பாடு நீங்கி, 1950களின் தொடக்கத்தில் ஆலைத்துணி மீண்டும் பெருகியபோது, சென்னை மாநிலமெங்கும் கைத்தறித் துணி மலைபோல் குவிந்தது. நெசவாளர் கஞ்சித் தொட்டிகளை நாடும் நிலை ஏற்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று மத்திய அரசை வலியுறுத்தினார். அவருடைய அரசியலுக்கு நேர் எதிரணியில் நின்ற திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொதுச்செயலாளர் சி. என். அண்ணாதுரை, காஞ்சிபுரத்தின் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்தவர். அவரும் அவருடைய கட்சியினரும் கைத்தறித் துணி மூட்டைகளைத் தோளில் சுமந்து, ஊர் ஊராகத் தெருவில் கூவி விற்றனர். மேடைப் பேச்சுக்குப் பெயர்பெற்ற ஓர் இயக்கம், தன் பேச்சுவன்மையைத் துணி விற்கப் பயன்படுத்திய அந்நிகழ்ச்சியை, தமிழ்நாட்டு விளம்பரத் துறையின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாக விட்டுவிடுகின்றனர். விற்றவர்களுக்குத் தரகு இல்லை; விற்ற துணிக்கு வாங்கியவரிடம் சொல்லப்பட்ட காரணம் துணியின் அழகன்று, நெய்தவரின் பசி. 1953இல் மத்திய அரசு இயற்றிய சட்டத்தின்படி ஆலைத்துணிக்குக் கெஜத்துக்கு 3 பை கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டு, அத்தொகை கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கப்பட்டது. விற்பனையில் அளிக்கப்படும் தள்ளுபடி, கடைகள் திறப்பது, சங்கங்களுக்கான மூலதனம் ஆகியவற்றுக்கு அந்நிதி உதவியது. தீபாவளித் தள்ளுபடி என்று தமிழ்க் குடும்பங்கள் வழக்கமாக எதிர்பார்க்கும் ஒன்றின் வேர் இங்கே உள்ளது.

தள்ளுபடி இருமுனைக் கத்தி. ஐப்பசிக்கு முன் தேங்கியதைக் கரைக்க அது உதவியது உண்மை. ஆனால் தள்ளுபடிக் காலம் வரட்டும் என்று ஆண்டின் பிற மாதங்களில் வாங்குவதைத் தள்ளிவைக்கும் பழக்கத்தையும் அதுவே வளர்த்தது. இதற்கு மாற்றாகக் கோ-ஆப்டெக்ஸ் கண்ட வழிகளுள் ‘கனவு நனவுத் திட்டம்’ குறிப்பிடத்தக்கது: வாங்குபவர் மாதந்தோறும் ஒரு தொகையைச் செலுத்திவர, இறுதித் தவணையை நிறுவனமே ஏற்றுக்கொள்ள, சேர்ந்த தொகைக்குத் துணி பெறும் ஏற்பாடு அது. நகைக்கடைச் சீட்டை அறிந்த தமிழ்க் குடும்பத்துக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை. மறுபுறம், சென்னை தியாகராய நகரில் 1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் தொடங்கிய கடை முதலான தனியார் விற்பனை நிலையங்கள், திருமணப் பட்டு என்னும் சந்தையையே வடிவமைத்தன. காஞ்சிபுரத்து நெசவாளர் மரபிலிருந்து வந்த ஒருவர் தலைநகரில் கடை திறந்தது, சங்கங்கள் இன்னும் எட்டாத இடத்தைத் தனியொருவரின் துணிவு கண்டுகொண்டதற்கு எடுத்துக்காட்டு. வடிவமைப்பைப் பொறுத்தவரை, 1937இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் அமைத்த நெசவுக்கூடம், வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டு நெய்து, படித்த நகர்ப்புறப் பெண்களின் விருப்பத்தை மாற்றியமைத்தது. பின்னர் இந்திய அரசு நிறுவிய நெசவாளர் சேவை மையங்கள், காஞ்சிபுரத்தில் உள்ளது உட்பட, மாதிரி வரைபவரையும் சாய வல்லுநரையும் நெசவாளரோடு ஒரே கூரையின்கீழ் அமர்த்தின.

ஜரிகையின் நம்பகத்தன்மை விற்பனையின் இன்னொரு தூண். பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் பூசப்படுவதே அசல் ஜரிகை. கண்ணுக்கு அதை ஒத்திருக்கும் போலிக்கும் இதற்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் கடைமேசையின் முன் நிற்பவருக்கு அவ்வேறுபாடு தெரியாது. 1971இல் அரசு நிறுவனமாகத் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் காஞ்சிபுரத்தில் அமைக்கப்பட்டதன் நோக்கம், சூரத்தை மட்டுமே நம்பியிருந்த நிலையைக் குறைத்து, சங்கங்களுக்குத் தரம் சோதிக்கப்பட்ட ஜரிகையைத் தருவதாகும். சொசைட்டிச் சேலை என்றால் ஜரிகையில் ஏமாற்று இருக்காது என்று தாய்மார்களிடையே பரவிய பேச்சு, எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத சொத்து. காஞ்சிபுரத்தின் காந்தி சாலையில் வெளியூர்க் கார்களை வழிமறித்துக் கடைகளுக்கு அழைத்துச்செல்லும் தரகர்கள், தாம் அழைக்கும் தனியார் கடைக்கும் ‘சொசைட்டி’ என்றே பெயர் சொல்லிக்கொள்வது அச்சொத்தின் மதிப்பை மறைமுகமாக ஒப்புக்கொள்வதே.

விசைத்தறியில் நெய்த போலிகளும் வேறு ஊர்களில் நெய்து காஞ்சிபுரம் என்ற பெயரில் விற்கப்பட்ட சேலைகளும் பெருகியபின், பெயரையே காப்பது கூட்டுப் பொறுப்பாயிற்று. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைகளைக் கைத்தறிக்கே உரியவையாக்கியது. 2005இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீட்டைப் பெற்றது. புவிசார் குறியீடு என்பது, ஓர் ஊரின் பெயரோடு பிணைந்த தரமும் புகழும் உடைய பொருளுக்கு, அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையைத் தனியொரு நிறுவனத்துக்கன்றி அவ்வூர் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவாக அளிக்கும் சட்டப் பாதுகாப்பு. சேரிப் பொறுப்பும் நாட்டுப் பிணைப்பும் சங்கப் பங்கும் கண்ட நகரத்தில், பெயரும் பொதுச்சொத்தாகப் பதிவானது. சட்டம் இருந்தும் போலிகள் ஒழியவில்லை. பாதுகாப்பைக் கோரி வழக்குத் தொடுக்கவேண்டியவர், ஒரு சேலைக்குப் பல நாள் உழைக்கும் கூலி நெசவாளராக இருக்கும்போது, ஒழியாததில் வியப்பும் இல்லை.

2010களில் கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுச் சேலைகளோடு நெசவாளரின் பெயரும் நிழற்படமும் அச்சிட்ட அட்டையை இணைக்கத் தொடங்கியது. ஆயிரம் ஆண்டுகளாகச் சேரியின் பெயரிலும் நாட்டின் பெயரிலும் முதலாளியின் பெயரிலும் சங்கத்தின் பெயரிலும் சந்தைக்கு வந்த துணியின்மேல், நெய்த மனிதரின் முகம் இவ்வாறு இடம்பெற்றது. வாங்குபவர் அட்டையைக் கையில் வைத்துப் பார்க்கும்போது, சேலையின் விலைக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது தெரிகிறது. விற்பனை உத்தி என்ற அளவிலும் அது கூர்மையானதே. அட்டையில் இடம் ஒருவருக்குத்தான். சேலையைப் பிரித்துக் கோர்வையின் பூட்டை விரலால் தடவிப் பார்த்தால், அந்தப் பல்வரிசையின் ஒவ்வொரு கண்ணியிலும், தறிக்குழியின் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பிய இரண்டாவது கையும் இருக்கிறது.